கிணற்றுக்கு வராத அரசு, காணிக்கு வருகிறது: வடக்கில் சூழல் பாதுகாப்பும் மக்களின் அவநம்பிக்கையும்

யாழ்ப்பாணத்தில் காணி பார்க்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி "தண்ணி எப்பிடி?" என்பதுதான். நல்ல தண்ணீரா, சவரா என்பதை வைத்தே காணியின் விலை பேசப்படும். பழைய உறுதிகளை எடுத்துப் பார்த்தால் காணியின் எல்லைகளோடு கிணற்றுப் பங்கும், வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். தோட்டக் கிணறு ஒன்றுக்கு நாலைந்து பங்காளிகள் இருந்தால், யாருக்கு எந்த நாள் இறைப்பு முறை என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். முறை மாறி இறைத்தவர் வழக்குக்குப் போன கதைகளும் நம்மிடம் நிறைய உண்டு.

இதை நினைவூட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வடக்கு மக்கள் சூழல் பாதுகாப்பில் அக்கறையற்றவர்கள், சட்டதிட்டங்களுக்குக் கட்டுப்பட மறுப்பவர்கள் என்ற பேச்சு கொழும்பின் சில அலுவலகங்களிலும் ஆங்கில ஊடகங்களிலும் அவ்வப்போது எழுகிறது. வனவளத் திணைக்களம் எல்லைக்கல் நட வந்தால் எதிர்ப்பு, வனஜீவராசிகள் திணைக்களம் சரணாலயம் என்றால் எதிர்ப்பு, காற்றாலை என்றால் எதிர்ப்பு என்று அவர்கள் பட்டியலிடுகிறார்கள். ஆனால் ஒரு வாளி தண்ணீரைக்கூட முறைவைத்துப் பங்கிட்ட சமூகத்துக்கு ஒழுங்குவிதி என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ளச் சுன்னாகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

சுன்னாகத்தில் நடந்தது

குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடிக் கடலில் கலக்கிறது. பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே கீழிறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று பிரிந்து கிடக்கும் இந்த நிலத்தடி நீர்ப்படுக்கைகளில் வலிகாமத்தினுடையதே பெரியது. அந்தப் படுக்கையின் மேலேதான் சுன்னாகம் மின்நிலையம் அமைந்திருக்கிறது. சுண்ணாம்புக் கல் நீரை விரைவாக உள்ளே விடும். அதே விரைவில் அழுக்கையும் உள்ளே விடும்.

போர் முடிந்த பின்னர், நொதேர்ன் பவர் என்ற தனியார் கம்பனி அங்கு எரிபொருளில் மின்சாரம் உற்பத்திசெய்து இலங்கை மின்சார சபைக்கு விற்றது. சில ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதக்கத் தொடங்கியது. துலாவிலும் கப்பியிலும் அள்ளியவர்களுக்கு வாளியிலேயே மணம் தெரிந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013ஆம் ஆண்டின் இறுதியிலும் 2014இலும் மின்நிலையத்தைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்துக்குள் இருந்த 150 கிணறுகளின் நீரைப் பரிசோதித்தது. அவற்றில் 109 கிணறுகளில், அதாவது 73 சதவீதமானவற்றில், எண்ணெயும் மசகும் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த ஊர் மக்களின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. பவுசரில் தண்ணீர் வந்தது, நீலத் தாங்கிகள் வந்தன. ஆனால் "இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா, கூடாதா?" என்ற ஒரேயொரு கேள்விக்கு ஒரேயொரு பதில் வரவில்லை. நீர் வழங்கல் சபையின் முடிவுகள் ஒன்றைச் சொல்லின. வடமாகாண சபை நியமித்த நிபுணர் குழுவின் அறிக்கையோ ஆபத்தான எண்ணெய் மாசு இல்லை என்ற பொருள்படப் பேசியது. போர்க்காலத்தில் மின்நிலையத்தின் எண்ணெய்த் தாங்கிகள் தாக்கப்பட்டதால் வந்த பழைய எண்ணெய் என்ற வாதமும் எழுந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் நின்ற தாய்க்கு இந்த விவாதங்களால் எந்தப் பயனும் இருக்கவில்லை.

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஆர்ப்பாட்டங்களும் உண்ணாவிரதங்களும் நடந்தன. அந்த ஜனவரியில் மல்லாகம் நீதிவான் நீதிமன்றம் மின்னுற்பத்தியை நிறுத்துமாறு கட்டளையிட்டது. அதே ஆண்டு ரவீந்திர குணவர்தன காரியவசம் என்ற சூழல் ஆர்வலர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மாசுக்குக் கம்பனி பொறுப்பு என்றும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. மத்திய சுற்றாடல் அதிகார சபையும் முதலீட்டுச் சபையும் தமது சட்டக் கடமையைச் சரிவர நிறைவேற்றவில்லை என்றும் கண்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு விதிக்கப்பட்டது. ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை 40,000 ரூபா.

இந்தத் தீர்ப்பு இலங்கையின் சூழல் சட்ட வரலாற்றில் முக்கியமானது. சட்டக் கல்லூரிகளில் இனி நீண்டகாலம் படிக்கப்படும். தமிழர் பகுதியின் கிணறுகளுக்காக ஒரு சிங்களச் சூழல் ஆர்வலர் வழக்காடியதும், அதை நீதிமன்றம் ஏற்றதும் மறக்கக் கூடாதவை. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். கிணற்றில் எண்ணெய் கண்ட நாளுக்கும் தீர்ப்புக்கும் இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல். ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதும் வயதிலிருந்து க.பொ.த. சாதாரணதரம் எழுதும் வயதுக்கு வந்துவிடும் காலம் அது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் இருந்தது. அனுமதிப்பத்திர முறை இருந்தது. கண்காணிக்க உத்தியோகத்தர்கள் இருந்தார்கள். இவ்வளவும் இருந்தும் எண்ணெயை முதலில் கண்டுபிடித்தது ஊர்ச் சனம்தான்.

மறுபக்கம்: வர்த்தமானி

இப்போது இதே அரசின் இன்னொரு முகத்தைப் பார்ப்போம்.

1938 முதல் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015 ஜூனில் 19,565 ஹெக்டேயர் பரப்புள்ள தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நெடுந்தீவின் ஒரு பகுதியும் அப்போதே தேசியப் பூங்காவானது. அடுத்த ஆண்டு மன்னாரில் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கமாகியது. பூநாரைகளும் கண்டற் காடுகளும் கடற்புற்களும் காக்கப்பட வேண்டியவை என்பதில் இரண்டு கருத்து இல்லை. கண்டல் அழிந்தால் இறாலும் நண்டும் போய்விடும் என்பதைக் களப்புத் தொழிலாளி நம்மைவிட நன்றாக அறிவார்.

ஆனால் இந்த அறிவிப்புகள் வந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். சனம் முகாமிலிருந்து திரும்பி, வேலி அடைத்து, பத்தை வெட்டி, கிணறு இறைத்துக்கொண்டிருந்த காலம் அது. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த வயலும் தோட்டமும் பற்றைக்காடாகி இருந்தன. விண்ணிலிருந்து எடுத்த படத்தில் அது காடாகத்தான் தெரியும். ஷெல்லுக்கு அஞ்சி ஓடியவனின் வயல் என்று படத்தில் எழுதியிருக்காது. உறுதியோ அனுமதிப்பத்திரமோ இடப்பெயர்வில் தொலைந்துபோன குடும்பத்துக்கு, வேலிக்குள் நடப்பட்ட எல்லைக்கல் எப்படித் தெரியும்? இராணுவ முகாம் எழுந்து போன இடத்தில் இன்னொரு திணைக்களம் வந்து உட்கார்ந்ததாகவே தெரியும்.

அந்த அச்சம் வீண் அச்சம் என்று தள்ளிவிட முடியாதபடி 2025 மார்ச் 28ஆம் திகதி ஒரு வர்த்தமானி வந்தது. காணி நிர்ணயச் சட்டத்தின் கீழ் வடக்கில் சுமார் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்பது அதன் சாரம். அதில் யாழ். மாவட்டத்துக் காணி மட்டும் 3,600 ஏக்கருக்கு மேல். கனடாவிலும் சுவிஸிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் இருக்கும் உரித்தாளர்கள் மூன்று மாதத்தில் எதைக் கொண்டுவந்து காட்டுவது? எதிர்ப்பு கிளம்பியது. ஜூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வர்த்தமானியும் மீளப்பெறப்பட்டது. அது சூழல் சம்பந்தப்பட்ட அறிவித்தல் அல்லதான். ஆனால் வர்த்தமானி என்ற சொல்லைக் கேட்டதும் சனம் ஏன் பதறுகிறது என்பதை அது காட்டியது. அடுத்து வரும் சரணாலய அறிவித்தலையும் அதே பதற்றத்தோடுதான் வாசிப்பார்கள்.

காக்கப்பட வேண்டியது என்று சொன்ன அரசே அதை எடுத்துக் கொடுத்ததையும் பார்த்தோம். விடத்தல்தீவு ஒதுக்கத்தின் 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புத் திட்டத்துக்காக விடுவித்து 2024 மே மாதம் வர்த்தமானி வெளியானது. சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போன பிறகே அதற்கும் இடைக்காலத் தடை வந்தது. விறகு பொறுக்கப் போனவருக்குக் காட்டப்படும் சட்டம், பண்ணை போட வருபவருக்கு முன்னால் வளைந்து கொடுக்கும் என்றால் அந்தச் சட்டத்தைச் சனம் எப்படி மதிக்கும்?

ஒரே இரவில் வந்த தடை

அவநம்பிக்கைக்கு இன்னொரு பாடமும் உண்டு. 2021 மே மாதம் கோட்டாபய ராஜபக்ச அரசாங்கம் இரசாயன உர, கிருமிநாசினி இறக்குமதியைத் தடைசெய்தது. நஞ்சற்ற உணவு என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வெங்காயமும் உருளைக்கிழங்கும் மிளகாயும் நட்டிருந்த வலிகாமத்துத் தோட்டக்காரர் மற்றப் பகுதி விவசாயிகளைப் போலவே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அந்த நவம்பரிலேயே தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் போகம் போய்விட்டது.

இதில் பெரிய சோகம் என்னவென்றால், உரத்தைக் குறைக்க வேண்டிய தேவை நாட்டில் வேறெங்கும் விட யாழ்ப்பாணத்துக்குத்தான் அதிகம். தோட்டத்தில் கொட்டும் யூரியாவும், வீட்டு மலசலகூடக் குழியில் இருந்து கசிவதும் சேர்ந்து நமது கிணறுகளில் நைத்திரேற்றாகப் படிகின்றன. பல இடங்களில் அது குடிநீருக்கான எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுகிறது என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். கைக்குழந்தைகளுக்கு அது நேரடி ஆபத்து. மண்ணைப் பரிசோதித்து, எந்தப் பயிருக்கு எவ்வளவு போதும் என்று சொல்லி, நாலைந்து வருடத்தில் படிப்படியாகக் குறைத்திருக்கலாம். ஒரே இரவில் தடைசெய்ததால் உரக் குறைப்பு என்ற பேச்சே இன்று தோட்டக்காரரிடம் எடுபடுவதில்லை. தவறான ஒழுங்குவிதி, சரியான நோக்கத்தையும் கெடுத்துவிட்டது.

நமது பக்கத்துக் கணக்கு

இவ்வளவும் சொன்ன பிறகு நமது முற்றத்தையும் பார்க்காவிட்டால் அது நேர்மையாகாது.

வடமராட்சி கிழக்கில், மணற்காடு, குடத்தனைப் பக்கங்களில் மணல் திட்டிகளை வெட்டிச் செல்லும் டிப்பர்களில் பெரும்பாலானவை கொழும்பிலிருந்து வருபவை அல்ல. ஓட்டுகிறவர் நம்மவர், ஏற்றுகிறவர் நம்மவர், வீட்டு வாசலில் இறக்கிக் காசு கொடுக்கிறவரும் நம்மவர். 2019 டிசம்பரில் மணல், மண் ஏற்றிச் செல்வதற்கான போக்குவரத்து அனுமதிப்பத்திரத்தை அரசு நீக்கியபோது அந்த வாய்ப்பைப் பயன்படுத்தியதும் நமது ஆட்கள்தான். திட்டி கடலுக்கு முன்னால் நிற்கும் மதில். அதற்குள்ளே நல்ல தண்ணீரும் தேங்கி நிற்கிறது. 2004 டிசம்பரில் கடல் வந்ததைக் கண்ட கரையில் நின்று அந்த மதிலை வெட்டுகிறோம்.

மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே அரைப் பரப்புக் காணிக்குள் நெருங்கிவிட்டன. நாற்சார் வீட்டுக்கு ஒரு கிணறு இருந்த இடத்தில் இன்று நாலு வீடும் நாலு குழாய்க்கிணறும் இருக்கின்றன. குழாய்க்கிணற்றில் மோட்டார் போட்டு இழுக்க இழுக்க அடியிலுள்ள உப்புநீர் மேலேறும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேலிப் பனையைத் தறித்து மதில் கட்டுகிறோம். குப்பையை வெளிக்காணியில் போட்டு இரவில் கொளுத்துகிறோம். இவற்றுக்குக் கொழும்பைக் குற்றம் சாட்ட முடியாது.

அரசியலில் நாம் விட்ட வாய்ப்பும் ஒன்று உண்டு. சூழல் பாதுகாப்பு 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாண சபைக்கும் உரிய விடயம். அதைப் பயன்படுத்தி வடமேல் மாகாணம் 1990இலேயே தனக்கென ஒரு நியதிச்சட்டம் இயற்றித் தனிச் சுற்றாடல் அதிகார சபையை வைத்திருக்கிறது. குருநாகலும் புத்தளமும் செய்ததை யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் செய்திருக்கலாம். 2013 முதல் 2018 வரை நமக்கும் தெரிவுசெய்யப்பட்ட மாகாண சபை இருந்தது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததும் அதே ஐந்து ஆண்டுகளில்தான். அந்தச் சபை தீர்மானங்கள் பல நிறைவேற்றியது. ஆனால் சுன்னாகத்தில் அடுத்த முறை மாசு ஏற்படும்போது நேரே போய் நிறுத்தக்கூடிய ஓர் அதிகார சபையை நமக்கு விட்டுச் செல்லவில்லை. அதன் பிறகு மாகாண சபைத் தேர்தலே நடக்கவில்லை.

எதைக் கேட்க வேண்டும்?

ஒழுங்குவிதிகள் வேண்டாம் என்று நாம் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்பது டிப்பர்காரருக்கும் அடுத்த மின்னுற்பத்திக் கம்பனிக்கும்தான் உதவும். வரவிருக்கும் திட்டங்கள் பல. தாளையடி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. தீவகத்தில் சூரிய, காற்று மின் திட்டங்கள் வருகின்றன. மன்னாரில் காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் 2025இல் வீதியில் நின்றதைக் கண்டோம். காற்றாலை நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு முன்னால், எங்கே நடுவது என்று யாரிடம் கேட்டார்கள் என்ற கேள்வியைத்தான் அந்த மக்கள் எழுப்பினார்கள். ஆகவே நமது கோரிக்கை ஒழுங்குவிதியின் முறை பற்றியதாக இருக்க வேண்டும். அதில் நாலு விடயங்கள் முக்கியம்.

முதலாவது, பரிசோதனை முடிவு கிணற்றுக்காரரின் கைக்கு வர வேண்டும். தண்ணீர் எடுத்துச் செல்கிற எந்தச் சபையும், எந்தப் பல்கலைக்கழகமும், முடிவைத் தமிழில் எழுதி, குடிக்கலாம் அல்லது கூடாது என்று ஒரு வரியில் சொல்லிக் கொடுக்க வேண்டும். சுன்னாகத்தில் சனம் பட்ட அவஸ்தையில் பாதி, எண்ணெயால் வந்தது. மற்றப் பாதி, பதில் இல்லாததால் வந்தது.

இரண்டாவது, ஒரு பிரதேச சபை எல்லைக்குள் எந்தெந்தத் தொழிற்சாலைக்குச் சுற்றாடல் அனுமதிப்பத்திரம் உண்டு, என்ன நிபந்தனை, எப்போது காலாவதி என்பது அந்தச் சபையின் அறிவித்தற் பலகையில் இருக்க வேண்டும். 2025 மே தேர்தலோடு பிரதேச சபைகளில் மீண்டும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இதற்கு புதிய சட்டம் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் இந்த விபரத்தை எழுத்தில் கேட்கலாம். ஒரு வாசிகசாலையோ மாதர் சங்கமோ ஒரு கடிதம் எழுதினால் போதும்.

மூன்றாவது, சரணாலயமோ காடோ அறிவிப்பதற்கு முன் எல்லையை ஊருக்கு வந்து நடந்து காட்ட வேண்டும். கிராம சேவையாளரோடும், முன்பு அங்கே பயிர் செய்தவரோடும், களப்பில் தொழில் செய்பவரோடும் நடந்து கீறிய எல்லையை ஊரே காக்கும். கொழும்பில் கீறிய எல்லைக்குக் காவலுக்கு எப்போதும் பொலிஸ் தேவைப்படும்.

நாலாவது, மாகாண சபைத் தேர்தல் நடந்து புதிய சபை வரும்போது அதனிடம் நாம் கேட்க வேண்டிய முதல் நியதிச்சட்டங்களில் சுற்றாடல் நியதிச்சட்டமும் ஒன்று. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இப்போதே கேட்டு வைக்கலாம்.

பழைய கிணற்றுப் பங்காளிகள் முறையை மதித்ததற்குக் காரணம் உண்டு. முறை எப்படி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதைத் தீர்மானித்தவர்களும் அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். சுன்னாகத்தின் அனுமதிப்பத்திரங்களில் கையொப்பமிட்டவர்களோ அந்தத் தண்ணீரைக் குடிக்காதவர்கள். இதை விளங்கிக்கொள்ளாமல், வடக்கு மக்களுக்குச் சூழல் விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்துவதில் பயனில்லை.

அந்த 150 கிணறுகளில் பல இன்றும் பாவனையில் இருக்கின்றன. சில துப்புரவாக்கப்பட்டன. சில மூடிக் கிடக்கின்றன. சிலவற்றில் சனம் பழையபடி அள்ளிக் குடிக்கத் தொடங்கிவிட்டது. அவற்றை ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் பரிசோதித்து, முடிவைச் சுன்னாகம் சந்தை வாசலில் ஒட்டுவதிலிருந்து தொடங்கலாம். அதற்கு ஆகும் செலவு அதிகமில்லை. அரசின் சூழல் அக்கறையை இந்த மக்கள் நம்ப வேண்டுமென்றால், அந்தத் தாள் அங்கே ஒட்டப்பட வேண்டும்.